பட்டர்ஸ்காட்சுக்கு இரண்டு மார்க்

கூண்டுக்குள் போய் உட்கார்ந்ததும் வசந்தாமணிக்குத் தன் கை சிவப்பாகத் தெரிந்தது. கை மட்டுமா, மேஜை, தண்ணீர் டம்ளர், பொரிக் கிண்ணம், பேனா, மார்க் போடுகிற தாள் எல்லாமே சிவப்பு. தலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. தின்பண்டத்தின் நிறத்தைப் பார்த்து மயங்கி யாரும் மார்க் போட்டுவிடக் கூடாதாம், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று லேப் மேடம் ஹேமலதா சற்று முன்தான் பன்னிரண்டு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்திருந்தாள். பன்னிரண்டு பேரும் அந்த சாக்லேட் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள். வெளியாட்களைக் கூப்பிட்டால் புதுச் சரக்கின் ரகசியம் கோயமுத்தூர் முழுக்கப் பரவிவிடும் என்று முதலாளி சென்னியப்பனுக்குப் பயம். பன்னிரண்டு வீட்டுப் பெண்களிடம் சொன்னால் பரவாது என்று அவர் நம்பினார் என்பதிலிருந்தே அவர் எவ்வளவு வெள்ளந்தி என்று தெரிந்துகொள்ளலாம். ஆளுக்கொரு பிளைவுட் கூண்டு. எதிரே புறாக்கூட்டுக் கதவு மாதிரி ஒரு சின்னக் கதவு. அது திறக்கும், தட்டு வரும், தட்டில் ஒரு துண்டு இருக்கும், துண்டுக்குப் பெயர் கிடையாது, மூன்று இலக்க எண் மட்டும்தான். தின்ன வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மார்க் போட வேண்டும், கீழே கருத்து எழுத வேண்டும், தாளைக் கதவு வழியாகத் தள்ளிவிட வேண்டும். தள்ளிய தாள் திரும்பி வராது. அடுத்ததற்கு முன்னால் நாலு பொரியை மென்று தண்ணீர் குடித்து நாக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, உச்சுக்கொட்டக் கூடாது, சென்ட் கூடாது, பவுடர் கூடாது, பூ கூடாது. பூ கூடாது என்று முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சிங்காநல்லூரில் வாங்கி ஆசையாக வைத்துக்கொண்டு வந்த இரண்டு முழம் ஜாதிமல்லி இப்போது வாசலில் செக்யூரிட்டியின் வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்கட்டும், பூவா இப்போது முக்கியம். நாச்சிமுத்து செய்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். நாச்சிமுத்து அவள் வீட்டுக்காரர். இந்தக் கம்பெனியின் சாக்லேட் அறையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறார், இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஐம்பத்தெட்டு முடிகிறது, முடிந்தால் மாலையும் சால்வையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஊர் முழுக்க ஜனங்கள் விரும்பித் தின்கிற ஐஸ்கிரீம்களை உருகாத சாக்லேட் துண்டாக மாற்றி இந்தக் கோடைக்குக் கடைகளில் இறக்க வேண்டும் என்று முதலாளிக்கு யோசனை வந்துவிட்டது. சாக்லேட் அறையில் இருக்கிற ஐந்து பேரும் ஆளுக்கு ஒன்று செய்ய வேண்டும், எது ஜெயிக்கிறதோ அதைச் செய்தவர் இன்னும் இரண்டு வருஷம் அந்தச் சரக்கைப் பார்த்துக்கொள்ளலாம், வயசு ஒரு பொருட்டில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம். எழுநூற்று முப்பது நாள். ஞாயிறு போக எவ்வளவு என்று வசந்தாமணி வீட்டில் விரல்விட்டு எண்ணியும் பார்த்திருந்தாள். அத்தனை நாளும் காலை எட்டே முக்காலுக்கு அவருடைய வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு சாயங்காலம் ஆறு வரைக்கும் வீடு அவளுடையது. யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் இது. புருஷன் வீட்டில் இருப்பது வேண்டாம் என்று எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொல்லுவாள். அவர் கெட்டவரா என்றால் இல்லை. குடியில்லை, கோபமில்லை, சோற்றில் கல் கிடந்தால்கூட எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அவர் சமையலறைக்குள் வந்தால் போதும். சாக்லேட் அறைத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ரசத்தில் விட்டு, "எண்பத்தி நாலு, இப்ப எறக்கு அம்மிணி, எறக்கு" என்பார். கடுகு டப்பா ஏன் சீரக டப்பாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார். இந்தப் பக்கம் இருக்கிறது என்றால் இருக்கிறது, முப்பத்திரண்டு வருஷமாக இருக்கிறது, அதற்கு என்ன காரணம் சொல்வது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டார். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு முதுகில் வேர்த்தது.

அதனால்தான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏனுங்க, நீங்க எந்த ஐஸ் பண்றீங்க. மனுஷன் சொல்லவில்லை. "சொன்னா அப்பறம் அது சோதனை இல்ல அம்மிணி" என்றார். சட்டையை மோந்து பார்த்தாள், எப்போதும் போல சாக்லேட் வாசமும் வேர்வையும்தான். டிபன் பாக்ஸின் ஓரத்தை நக்கிப் பார்த்தாள், எலுமிச்சைச் சோறு. சரி, தின்றால் தெரியாதா, முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அவர் கைப்பக்குவம் நாக்கில் பட்டதும் தெரியாதா என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு விஷயம் இடித்தது. அவர் கைப்பக்குவத்தை அவள் எப்போது தின்றாள். வீட்டில் சமைத்தது எல்லாம் அவள்தானே. கம்பெனி சாக்லேட்டை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததே இல்லை, அது திருட்டு என்பார். தீபாவளிக்குக் கொடுக்கிற டப்பாவில் இருப்பது யார் செய்ததோ. அடக் கடவுளே, என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டபோது சின்னக் கதவு திறந்தது.

நானூற்றுப் பதினெட்டு. கப் மாதிரி குட்டையாக ஒரு துண்டு, கடித்தால் வெனிலா. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தால் பீடாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அந்தக் கப் ஐஸ்தான். அந்த மரக்கரண்டியின் சப்பென்ற ருசியைக்கூட எவனோ மெனக்கெட்டுக் கொண்டுவந்திருந்தான். மரக்கரண்டியை எப்படிச் சாக்லேட்டில் போட்டார்கள், இது அவர்தானா, இப்படியெல்லாம் நோண்டி நோண்டிப் பார்ப்பது அவர்தான், சின்ன விஷயத்தில் உயிரை விடுவார். ஆனால் வெனிலாவைப் பற்றி ஒரு நாள் என்னவோ சொன்னாரே. வெனிலா என்பது ஒரு ருசியே இல்லை, ருசி வருகிற வரைக்கும் உட்காரப் பாய் போட்டு வைப்பது என்று சொன்னார். அப்படிச் சொன்னவர் அதையே செய்வாரா. செய்யவும் செய்வார், ஆம்பிளைகள் திட்டுகிறதையே செய்வார்கள். பக்கத்துக் கூண்டில் யாரோ சர்ரென்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, டிரைவர் ராசுவின் சம்சாரம் கோமதியாகத்தான் இருக்கும், அவள் டீயையும் இப்படித்தான் குடிப்பாள். அவள் எத்தனை மார்க் போடுகிறாளோ. எல்லாருக்கும் ஒன்பது போடுகிற ஜாதி அவள். வசந்தாமணி ஐந்து என்று எழுதினாள். இதுவாக இருந்தால் மோசமில்லை, இல்லாவிட்டால் நஷ்டமில்லை. கருத்து என்ற இடத்தில் பரவாயில்லை என்று எழுதினாள். வேறு என்ன எழுதுவது, பரவாயில்லை என்பது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல்தான். தாளைத் தள்ளினாள். நாலு பொரி, ஒரு வாய் தண்ணீர்.

இருநூற்று எழுபத்தைந்து. இது கோன். கூம்பு மாதிரி வார்த்து, மேலே பொடிப்பொடியாக என்னவோ தூவியிருந்தது. வாயில் போட்டதும் பட்டர்ஸ்காட்ச் என்று நாக்கு முந்திக்கொண்டது. கரகரவென்று கடிபடுகிற அந்தத் தூள், காய்ச்சின சர்க்கரையின் கசப்பு தொட்டும் தொடாமலும், பின்னாலேயே வெண்ணெய், அதற்குப் பின்னால் கோன் மொறுமொறுவென்று. கண்ணை மூடிக்கொண்டாள். உச்சுக்கொட்டக் கூடாது என்று சொன்னதை நினைத்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். நாத்தனார் மகள் கல்யாணத்தில் ரிசப்ஷனுக்கு இந்தக் கோன்தான் கொடுத்தார்கள், ஒன்று எல்லாரோடும் சேர்ந்து தின்றாள், இன்னொன்று சம்பந்தி வீட்டுக்கு என்று சொல்லி வாங்கி வந்து, மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று ஒரே மூச்சில் தின்றாள், பட்டுச்சேலையில் ஒரு சொட்டு விழுந்து அதைத் துடைத்தது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த ருசி இது. இல்லை, அதைவிடவும் ஒரு படி மேல். நன்றாக இருக்கிறது என்பதுதான் இதில் இருக்கிற ஆபத்து. ஏனென்றால் இது அவர் செய்ததாக இருக்க வாய்ப்பே இல்லை. பட்டர்ஸ்காட்ச் என்றாலே அவருக்கு ஆகாது. சர்க்கரையைத் தீய விட்டுவிட்டு அதற்கு இங்கிலீஷில் பேர் வைத்திருக்கிறான் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் திட்டுவார். அப்படியானால் இது வேறு யாரோ செய்தது, இது ஜெயித்தால் அவர் தோற்றார், அவர் தோற்றால் முப்பத்தொன்றாம் தேதி தெர்மாமீட்டரோடு வீட்டுக்கு வந்துவிடுவார். பேனாவை எடுத்தாள். எட்டு என்று எழுத நினைத்த கை நின்றது. நாலு என்று எழுதலாமா. நாலு போட்டு, மற்ற பதினொரு பேரும் ஒன்பது போட்டுவிட்டால் என்ன ஆகும், இந்த நாலு எந்த மூலைக்கு. இரண்டு என்று எழுதினாள். எழுதியதும் காது சுட்டது. கூண்டுக்குள் யார் பார்க்கிறார்கள், சிவப்பு வெளிச்சத்தில் முகம் சிவந்தால்தான் என்ன தெரியும். கருத்து என்ற இடத்தில் அடி கொஞ்சம் பலமாக விழ வேண்டும், சும்மா இரண்டு என்றால் கை தவறி விழுந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். யோசித்தாள். ஒரு வாரமாக மனசுக்குள் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்த சொல் பேனா வழியாக இறங்கியது. இதைச் செய்தவர் போதும் என்று வீட்டில் போய் ஓய்வெடுக்கலாம். படித்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, தள்ளிவிட்டாள். கதவு டப்பென்று மூடியது. மூடிய பிறகுதான் பயம் வந்தது. யாருடைய பிழைப்போ, யாருடைய வீட்டிலோ இப்படி ஒருத்தி உட்கார்ந்து தன் புருஷனுக்காக வேண்டிக்கொண்டிருப்பாளோ. கதவை விரல் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஹேமலதாவின் குரல் கேட்டது.

"நாலாம் நம்பர், என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க. கை பட்டுருச்சு."

"பொரி சாப்பிடுங்க. அடுத்தது வருது."

பொரி சாப்பிட்டாள். இரண்டு பிடி சாப்பிட்டாள், பாவம் கரைகிற மாதிரி. மூன்றாவது தட்டு தொள்ளாயிரத்து முப்பத்தாறு. கஸாட்டா. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அடுக்கு இருக்க வேண்டும், இந்த விளக்கில் மூன்றும் ஒரே நிறம். பல்லில் முந்திரி பட்டது, அப்புறம் டூட்டி ஃப்ரூட்டி, அப்புறம் அடியில் கேக். அடுக்குகள் அளந்து வைத்தாற்போல ஒரே கனம், ஒன்றின் மேல் ஒன்று துளி பிசகாமல். இதுதான். இதுதான் அவர். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதுகிறவர்தான் முந்திரியை முந்திரி அடுக்கில் வைப்பார். ஒன்பது போடப் பேனாவைக் கொண்டுபோனவள் மறுபடியும் நின்றாள். ருசி இல்லையே. ஒழுங்கு இருக்கிறது, ருசி இல்லை. அவர் செய்தால் இப்படியா இருக்கும். இருபத்தாறு வருஷம் நின்றவர் கை, ருசியில்லாமல் போகுமா. போகவும் போகும், வயசாகிறது, நாக்கு மரத்துவிடும், போன மாதம் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்து கொடுத்ததைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை, குடித்துவிட்டுப் போய்விட்டார். இல்லை இல்லை, கண்டுபிடித்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார். சொல்லாமல் விடுவதுதான் அந்த மனுஷனின் பெரிய வியாதி. தோற்றுப்போனால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். முப்பத்தொன்றாம் தேதி சால்வையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, ஒன்றாம் தேதி காலை எட்டே முக்காலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் தன் சமையலறையைப் பற்றி மட்டும்தானே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம், இவள் என்ன பொம்பளை என்று தன்னையே இன்னொருத்தி மாதிரி திட்டிக்கொண்டாள். அவருக்காகவும் அவர் ஜெயிக்க வேண்டும். தனக்காகவும் ஜெயிக்க வேண்டும். இரண்டில் எது முதலில் என்று கேட்டால், கூண்டுக்குள் உண்மை சொல்வதென்றால், சமையலறைதான் முதலில், ஆனால் ரொம்ப முதலில் இல்லை. கஸாட்டாவுக்கு ஆறு போட்டாள். கருத்து எழுதும் இடத்தில் அடுக்கு நன்றாக உள்ளது என்று எழுதினாள்.

ஐந்நூற்று எண்பத்து மூன்று. நீட்டமாக, ஒரு முனையில் சாக்லேட்டிலேயே செய்த குச்சி. பால் ஐஸ். அட, இதையும் விடவில்லையா, ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவானே, அந்த ஐஸ். மேல்முனையைக் கடித்தாள். பால் பவுடரும் ஏலக்காயும், சாதாரணம், மிகச் சாதாரணம், நாலு மார்க். இன்னொரு கடி கடித்தாள், குச்சிக்குப் பக்கத்தில் வந்தாள். நாக்கு நின்றுவிட்டது. உப்பு. இனிப்புக்குள் ஒளிந்துகொண்டு, குச்சியை ஒட்டி, ஒரு நூல் அளவுக்கு உப்பு. மற்ற பதினொரு பேரும் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குறை என்று எழுதுவார்கள். வசந்தாமணி மெல்லுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவினாசி பஸ் ஸ்டாண்ட். கல்யாணமாகி ஒன்பதாம் நாள். மறுவீடு முடிந்து திரும்பி வருகிறார்கள், பஸ் வரவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, பக்கத்தில் நிற்கிற ஆள் ஒன்பது நாளாக அவளிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். திடீரென்று போய் ஒரே ஒரு பால் ஐஸ் வாங்கிவந்து நீட்டினார். ஒன்றுதான் வாங்கினார், இரண்டு வாங்கத் தோன்றவில்லையா காசில்லையா என்று கேட்க அவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. மேலே இனிப்பு, அடியில் வந்ததும் உப்பு. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார், பஸ் வருகிற வரைக்கும் பேசினார். அப்போது அவர் ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் வார்க்கிற தகர அச்சுகளை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார்களாம், அப்போதுதான் உறையுமாம், அச்சில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்துவிடுமாம், இந்த அச்சுக்கு ஈயம் வைக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை, நம்ம கம்பெனி ஐஸ்தான், மன்னிச்சுக்க, என்றார். ஐஸுக்காக மன்னிப்புக் கேட்ட ஆளை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. உப்பு முனையைத் துப்பாமல் குச்சி வரைக்கும் தின்றாள். இந்த ஆளோடு இருந்துவிடலாம் என்று அந்த இடத்தில்தான் தோன்றியது. அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம், ஒரு நாள் அவர் அதைப் பற்றி வாய் திறந்தாரா, இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். மறக்கவில்லை. மறக்காமல் கொண்டுவந்து இந்தத் தட்டில் வைத்திருக்கிறார். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஒன்பது. ஒன்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள். கருத்து என்ற இடத்தில் உப்பை எடுத்துவிடாதீர்கள் என்று எழுதி, எடுத்துவிடாதீர்கள் என்பதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

ஐந்தாவதாக எழுநூற்று நான்கு வந்தது. குல்ஃபியா, சாக்கோபாரா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. நுனியைக் கடித்துவிட்டு மூன்று போட்டாள். கருத்தாக சுமார் என்று எழுதினாள். அந்தத் துண்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் கோயமுத்தூரிலேயே மிகவும் அநியாயமாக மார்க் வாங்கியவர், அதைப் பற்றி இங்கே சொல்லி வைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள். வெளியே வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. கேன்டீனில் பன்னிரண்டு பெண்களுக்கும் டீயும் வடையும் கொடுத்தார்கள். எதிர்ப் பக்கச் சுவரோரம் சாக்லேட் அறையின் ஐந்து பேரும் தலையில் வலைத்தொப்பியோடு நின்றார்கள், நாச்சிமுத்து கடைசியில் நின்றார், அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேலே ஃபேனைப் பார்த்தார். பார்க்கட்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும். வசந்தாமணி வடையைப் பிய்த்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தாள். ஹேமலதா கூட்டிக் கொடுத்த காகிதத்தோடு முதலாளி வந்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"மொதல் எடம், ஐந்நூத்தி எம்பத்தி மூணு. பால் ஐஸுங்க" என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். எதிரே நாச்சிமுத்துவும் தட்டினார். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். ஜெயித்தவர் தனக்குத் தானே இப்படிக் கை தட்டிக்கொள்வாரா என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியபோது, அவர் பக்கத்தில் நின்ற பெண் முன்னால் வந்தாள். நஸ்ரின். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுப் போன வருஷம் சேர்ந்த பெண். நல்ல பெண் அம்மிணி, நாக்கு சுத்தம் என்று அவர் வீட்டில் பாராட்டிச் சொல்லியிருக்கிறார்.

"இது என்னோட ஐடியா இல்ல சார்" என்றாள் நஸ்ரின். "நாச்சிமுத்து சார்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல சொன்னாங்க. கல்யாணமான புதுசுல சாரும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுல உப்பு ஐஸ் சாப்பிட்ட கதை. அதை நான் பண்ணட்டுமான்னு கேட்டேன். தாராளமாப் பண்ணும்மான்னுட்டாங்க."

தாராளமாக. வசந்தாமணிக்குக் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. வீட்டில் முப்பத்திரண்டு வருஷம் சொல்லாததை இங்கே தயிர்சோற்றுக்கு நடுவில் சொல்லியிருக்கிறார், சொன்னதோடு விடாமல் தூக்கியும் கொடுத்துவிட்டார். அப்படியானால் அவருடையது எது. கஸாட்டாவா, கஸாட்டாவாக இருக்கட்டும், ஆறு போட்டிருக்கிறோம், வெனிலாவாகக்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

"ரெண்டாவது, எரநூத்தி எழுவத்தஞ்சு. நம்ம நாச்சிமுத்துவோட பட்டர்ஸ்காட்ச். மூணே மூணு மார்க்குல போச்சுங்க" என்ற முதலாளி சிரித்தார். "இதுக்கு ஒரு அம்மா கருத்து எழுதியிருக்கறாங்க, கேளுங்க. இதைச் செய்தவர் போதும் என்று வீட்டில் போய் ஓய்வெடுக்கலாம்!"

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. கோமதி வடை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். டீயை எடுத்து ஒரே வாயாகக் குடித்தாள், நாக்கு வெந்துபோனது. மூன்று மார்க். அவள் அங்கே கொடுத்தது ஒன்பது, இங்கே கொடுத்தது இரண்டு, ஒன்பதிலிருந்து இரண்டு போனால் ஏழு. எட்டு என்று எழுதப்போன கை அது, நின்றிருக்கவே கூடாது, எழுதியிருந்தால் முடிந்தது. நாலு போட்டிருந்தால்கூடப் போதாது. ஐந்து போட்டிருந்தால் சமம். ஆறு போட்டிருந்தால், ருசியே இல்லாத கஸாட்டாவுக்குக் கொடுத்தாளே அந்த ஆறு, அதைக் கொடுத்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். பன்னிரண்டு பேரில் அவரை வீட்டுக்கு அனுப்பியது அவர் பெண்டாட்டி. ஏழு, மூன்று, ஏழு, மூன்று என்று மனசு அதே இடத்தில் நின்று இடித்துக்கொண்டிருந்தது. செய்தவர்களிடம் அவரவர் தாள்களைக் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. ஹேமலதா பன்னிரண்டு தாள்களை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளில் மட்டும் நின்றார். அப்புறம் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் பேச்சை முந்திக்கொண்டாள். பேசாவிட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"எவளோ ஒருத்தி இப்படி எழுதியிருக்கறா பாருங்க. நாக்குல புண்ணு வந்தவளா இருப்பா."

நாச்சிமுத்து வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார்.

"மளிகைச் சீட்டுல முப்பத்திரண்டு வருசமாப் பாக்கறேன். உன்ற எழுத்து எனக்குத் தெரியாதா?"

அவள் வாயைத் திறந்தாள். சிவப்பு பல்பு, பேனா சரியில்லை, கை தவறிவிட்டது, ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களுக்குத்தான் பட்டர்ஸ்காட்ச் ஆகாதே என்று கேட்கலாமா. கேட்டால் மீதியும் வெளியே வந்துவிடும்.

"என்ற தங்கச்சி மக கல்யாணத்துல தூணுக்குப் பின்னால நின்னு தின்னியே" என்றார் அவர். "பாத்துட்டுத்தான் இருந்தேன். உனக்குப் பிடிக்குமேன்னுதான் அதைப் பண்ணுனேன். வாயில வெச்சதும் நான் பண்ணுனதுன்னு கண்டுபுடிச்சுட்டே, இல்லே?"

அவள் தலை ஆடியது. எந்தப் பக்கம் ஆடியது என்று அவளுக்கே தெரியாது.

"எனக்கு இது தெரியாமப் போச்சு அம்மிணி." அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் ஊட்டுல இருந்தா உனக்குத் தொந்தரவுன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். அதுக்காகத்தான் இந்த ரெண்டு வருசம் கெடைச்சாத் தேவலைன்னு ராப்பகலா நின்னு பண்ணுனேன். என்ற காலு ரெண்டும் எப்பவோ போயாச்சு. நீ இப்படி எழுதிக் கூப்புடுவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

இந்த மனுஷன் நின்றது அவளுடைய பகல் பொழுதுக்காக. அவள் பொய் சொன்னதும் அதே பகல் பொழுதுக்காக. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய செருப்புக்குள் கணுக்கால் வீங்கியிருந்தது, எத்தனை மாதமாக வீங்கியிருக்கிறதோ, இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இல்லீங்க, நான் வேறு யாரோ என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த முகம் என்ன ஆகும். ஐஸுக்கு மன்னிப்புக் கேட்ட முகம். அவர் தாளைப் பழையபடி நாலாக மடித்து, பர்சைத் திறந்து, அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பின்னால் செருகினார்.

"ஏறு அம்மிணி, போலாம்."

"மாசக் கடைசி வரைக்கும் எதுக்குங்க நிக்கறீங்க? லீவு மிச்சம் இருந்தா எழுதிக் குடுத்துட்டு நாளைக்கே வந்துருங்க" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது. நாச்சிமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவள் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.